சென்னைக்கு எப்பாட்டு?

நாடு ஒவ்வொன்றிற்கும் பண் ஒன்று உண்டு. கல்லூரிக்கும் பாட்டு உண்டு. ஊருக்கு மட்டும் இன்ன பாட்டு என்று விதித்தார் ஒருவருமிலர். விதியாமையினாலேயே ஊர்ப்பாட்டு உண்மையுடையதாய் இருத்தல் கூடும். நம் விடுதியிற் பல மாவட்டத்து மாணவரும் ஒருங்கு உறைகின்றனர். நும் ஊரைக் காட்டும் பாட்டு யாது என வினவின், மதுரையார்க்கும் நெல்லையார்க்கும் விடை நாவின் நுனியிலேயே நிற்கின்றது. அதிலும் மதுரையாரை ஒன்று கேட்டால் ஒன்பது வரும். சென்னையிற் பிறந்து வளர்ந்த எம்மனோரே ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நிற்போம். பாட்டின் இன்மையால் அன்று, மிகுதியால். அம்மிகுதியுள் எதனைத் தேர்வது, எந்நெறி பற்றித் தேர்வது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பழம்பாட்டொன்றைச் சுட்டி இவ்வினாவை எளிதில் முடித்துவிடலாமே எனின், அது பொருந்தாது. மயிலைக்கும் திருவொற்றியூர்க்கும் தேவாரம் உண்டு. பூம்பாவையின் எலும்பை நோக்கிச் சம்பந்தர் பாடிய பதிகம், மயிலையின் திருவிழாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கூறி, இவற்றைக் காணாது போதல் தகுமோ என இரங்குவது; அதனினும் சிறந்த ஊர்ப்பாட்டு யாண்டும் அரிது. ஆயினும் அது மயிலைப் பாட்டேயன்றிச் சென்னைப் பாட்டு ஆகாது. 1639-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியார் கோட்டை கட்ட நிலம் பெற்ற பின்னரே பழைய ஊர்கள் பலவும் ஒவ்வொன்றாய் ஒரு நகருட் புகலாயின. அப்புகுதல் இன்னும் முடிந்தபாடில்லை. திருவொற்றியூரும், எண்ணூரைத் தன்னகத்தே கொண்ட கத்திவாக்கமும் மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தது 2011-ஆம் ஆண்டில். இங்ஙனம் விரிந்து பரந்த நகரைக் காட்டும் பாட்டு நம் காலத்ததாகவே இருத்தல் வேண்டும்.

பாட்டு நம் காலத்ததாயினும், நெறி பழையோர் காட்டியதாகலாம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலைகளையும் புலிப்பொறி இட்ட மூடைகளையும் மட்டும் பாடி நின்றுவிடவில்லை. சுறாமீன் கொம்பை நட்டு வழிபட்டு, முழுமதி நாளிற் கடல்மேற் செல்லாது மணலில் ஆடிக் களிக்கும் பரதவரையும் பாடிற்று. மதுரைக்காஞ்சியோ இன்னும் ஒருபடி மேற்சென்றது. நாளங்காடி, அல்லங்காடி, காவலர், கள்வர் என மதுரையின் பகலையும் இரவையும் அத்துணை விரிவாக எழுதிய மாங்குடி மருதனார், அவ்வளவும் எழுதியது நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்தற்பொருட்டு என்பர் உரைகாரர். காஞ்சி என்னும் பெயரே அதற்குச் சான்று. நகரின் புகழை ஊதுவது மட்டுமே நகர்ப்பாட்டின் தொழில் என்று எண்ணுவோர் இதனைச் சிறிது நினைத்தல் வேண்டும்.

நிற்க. திரைப்பாட்டுக்களைக் காண்போம். 1967-இல் வெளிவந்த 'அனுபவி ராஜா அனுபவி' என்னும் படத்திற் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் இசையமைத்து, சௌந்தரராசன் பாடிய சென்னைப் பாட்டை எம் பாட்டனார் காலத்தவர் இன்றும் முணுமுணுக்கின்றனர். நகைச்சுவை மிக்கது, பட்டணத்தாரின் பரபரப்பையும் பேச்சையும் கண்டு வியந்து எள்ளுவது. 1994-இல் 'மே மாதம்' என்னும் படத்தின்கண் வந்த ரகுமானின் பாட்டோ நகரைச் சுற்றிக் காணும் களிப்பு. இரண்டும் இனியவையே. ஆயின் இரண்டிலும் நகரைக் காணும் கண் வந்தவர் கண். வந்தவர் காண்பன கடற்கரை, உயர்ந்த கட்டடம், கலங்கரை விளக்கம். சென்னையிலேயே பிறந்தவருட் கலங்கரை விளக்கத்தின்மேல் ஏறியவர் எத்துணைப் பேர் என்று கேட்டுப் பாருங்கள். எம் வகுப்பில் ஒருவரும் இலர். சேப்பாக்கத்துக் கிரிக்கெட்டு ஆட்டத்தின்போது கூட்டத்தார் சீழ்க்கை அடித்துப் பாடும் பாட்டையும் சிலர் முன்மொழிந்தனர். பல்லாயிரவர் ஒருங்கு பாடுவது என்னும் பெருமை அதற்கு உண்டு. எனினும் ஆடுகளத்தின் வாயிலைக் கடந்தபின் அப்பாட்டிற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கானா என்பது வேறு. அஃது இந்நகரிலேயே, வடசென்னையின் தெருக்களில், உழைப்பாளர் நடுவே பிறந்தது. இறந்தோர் வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்து, பிணத்தின் பக்கலில் அமர்ந்து பாடும் மரண கானாவைக் கேட்டவர் அதனைக் கேளிக்கை என்று ஒருநாளும் கூறார். 2014-இல் இரஞ்சித்து இயக்கிய 'மெட்ராஸ்' என்னும் படத்திற்காகக் கபிலன் எழுதிச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த வடசென்னைப் பாட்டு, அதுகாறும் திரையில் வன்செயலுக்கும் வசைக்கும் மட்டுமே உறைவிடமாகக் காட்டப்பெற்ற பகுதியைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்தது. எம் நண்பருட் பலர் இதனையே தேர்வர். அவரோடு பூசலிட யாம் விரும்பவில்லை. ஆயினும் எம் மனத்தில் ஒரு குறை. இங்கே நகரின் ஒரு பாதி தன்னைத்தான் பாடிக்கொள்கின்றது. மற்றைப் பாதி அமர்ந்து கேட்டுத் தாளம் போட்டுவிட்டு வீடு செல்கின்றது. கேட்டவர்க்கு இன்பம் உண்டு; பொறுப்பு இல்லை. இரு பாதிக்கும் ஒரே மூச்சிற் பெயரிட்டு, நீயும் இதற்கு உடந்தை என்று கூறும் பாட்டு யாதேனும் உண்டோ என்று தேடினோம்.

உண்டு. 2017-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' என்பதே அது. எழுதியவர் கபேர் வாசுகி. இசை வகுத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி. எம். கிருஷ்ணா. திரைக்கென எழுந்த பாட்டன்று இது. எண்ணூர்க் கழிமுகத்தைக் காத்தல் வேண்டும் என்று முயன்றோர் அம்முயற்சியின் ஒரு கூறாக ஆக்கியது. பாடும் முறை கருநாடக இசை, இராகமாலிகை. சொல்லோ கடைத்தெருவில் வழங்கும் சென்னைப் பேச்சு. பாட்டிற்கெனக் காட்சிப்படம் ஒன்றும் எடுத்துள்ளனர். அதிற் பாடகரும் பக்கவாத்தியத்தாரும் சபா மேடையில் அமர்வதுபோலவே அமர்கின்றனர். அமர்ந்த இடம் மட்டும் எண்ணூர். பின்னே தெரிவது திரைச்சீலையன்று, அனல்மின் நிலையம்.

பாட்டின் உயிர்நிலை ஒரு சொல். புறம்போக்கு என்பது இன்று வசைச்சொல். ஒன்றுக்கும் உதவாதவனை, வீடு வாசல் இல்லாதவனை அவ்வாறு ஏசுகின்றோம். ஆயின் வருவாய்த்துறையார் ஏட்டில் அது நிலத்தின் பெயர். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சற் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என அதன் வகை பல. ஒருவருக்கும் தனியுரிமை ஆகாதும், தீர்வை விதிக்கப்படாதும், ஊர் முழுதுக்கும் பயன்படுவதுமான நிலம் என்பதே பொருள். பெயர் பிந்தியதாயினும் பொருள் மிகப் பழையது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களின் வருவாயை அளித்த கல்வெட்டுக்களைக் காண்க. ஊரின் மொத்த நிலத்தை அளந்து கூறியபின், குளமும் வாய்க்காலும் ஊர்நத்தமும் சேரிகளும் சுடுகாடும் ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கே இறை விதித்தனர். பேரரசனும் கை வையாது விட்ட நிலம் அது. மேன்மையான பொருள் கொண்ட சொல் இழிபொருள் பெறுதல் தமிழிற் புதிதன்று. நாற்றம் என்பது நறுமணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆயின் நாற்றம் என்னும் சொல் இழிந்தமையாற் பூக்களுக்குக் கேடு ஒன்றும் நேரவில்லை. புறம்போக்கு என்னும் சொல் இழிந்தபோதோ, அச்சொல் சுட்டிய நிலமும் உடன் இழிந்தது. பெயரளவில் ஒருவர்க்கும் ஆகாதது என்று ஆகிவிட்டால், அதன்மேற் குப்பை கொட்டுதற்கும் சாம்பல் கொட்டுதற்கும் கூச்சம் என்னை?

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. நகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் பயனற்ற நிலம் என்று எண்ணப்பட்டது. ஒரு புறம் குப்பை மேடு எழுந்தது. மறுபுறம் கட்டடங்கள் எழுந்தன. மழைநீரை வாங்கித் தேக்கும் கலம் அது என்பதை நகரத்தார் பெரும்பாலோர் உணர்ந்தது 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நீர் வீட்டினுட் புகுந்த பின்னரே. 2022-இல் அது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட பகுதி எஞ்சிய பகுதியே என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும்.

வடக்கே எண்ணூரின் கதை இதனினும் கொடிது. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் அது. உப்பு நீரும் நன்னீரும் மாறி மாறிப் புகுதலால் இறாலும் நண்டும் மீனும் செழித்த இடம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊரார்க்கு அதுவே வயல். அதனைச் சூழ அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் ஆலைகளும் எழுந்தன. நிலக்கரியை எரித்த சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய் வழியே சாம்பற் குளத்திற்குச் செலுத்துவர். குழாய் கசிந்த இடத்தெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கிப் படியும். படியப் படியக் கழிமுகம் மேடுறும். மேடுற்றால் மீனுக்கும் இடமில்லை, வெள்ளத்திற்கும் வழியில்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் பெய்த மழையோடு எண்ணெயும் வந்து கழிமுகம் முழுதும் பரவியது. படகும் வலையும் அலையாத்தி மரங்களின் அடியும் கரியவாயின. பாட்டு வெளிவந்து ஆறு ஆண்டு கழிந்தபின் நிகழ்ந்தது இது. இவ்வாறு நாட்செல்லச் செல்லப் பொருள் பெருகும் பாட்டு வேறொன்றை யாம் அறியோம். பெருகாதிருந்திருப்பின் இன்னும் மகிழ்ந்திருப்போம்.

இந்நகரின் விளக்குகளுக்கு வேண்டும் மின்னை ஆக்கும் நிலையங்களுட் சில அங்கேதான் உள்ளன. மார்கழியில் மயிலையின் சபாக்களில் ஆலாபனை கேட்டு அமர்ந்திருப்போர் தலைமேல் எரியும் விளக்கிற்கும், எண்ணூரில் வலையை உதறிச் சாம்பலைப் போக்குவோர் கைக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதன்று. பாட்டு அதனைச் செவிக்குத் தெரிவிக்கின்றது. சபாவின் இசையும் குப்பத்தின் சொல்லும் ஒரே தொண்டையினின்று எழும்போது, கேட்பவர் எப்பாதியைச் சார்ந்தவராயினும் தம் ஊரைக் கேட்கின்றார். பிறர் ஊரையும் கேட்கின்றார். ஈரூரும் ஓர் ஊரே எனவும் உணர்கின்றார். யாம் தேடியது இதுவே.

இத்தேர்வை ஏற்காதார் கூறுவனவற்றுள் மூன்று எமக்குப் பொருட்படுத்தத் தக்கனவாகத் தோன்றின. முதலாவது, இஃது எண்ணூரார் பாடியதன்று, எண்ணூரார்க்காகப் பிறர் பாடியது என்பது. இது வலிய மறுப்பு. கருநாடக இசையின் மேடைகளில் இடம் பெறாத மக்களின் துயரை அம்மேடையின் முறையிலேயே பாடினால், அத்துயருக்கு மதிப்பு வந்தது இசையினாலோ என்னும் ஐயம் எழும். பா. இரஞ்சித்து முதலியோர் முன்னின்று உருவாக்கி, 2018 சனவரியில் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவினர், கானாவையும் பறையையும் கொண்டு தம் சொல்லைத் தாமே பாடினர். அஃது இவ்வையத்திற்கு நேர் விடை. ஆயினும் குற்றம் நகரின் வசதியுள்ள பாதியினுடையதாக இருக்கும்போது, அக்குற்றத்தை அப்பாதியின் குரலே, அப்பாதிக்குப் பழகிய பண்ணிலே ஒப்புக்கொள்ளுதல் பொருந்தும் என்பது எம் கருத்து. துயர்ப்பட்டவர் பாட்டிற்கு இது மாற்றன்று. கேட்டவர் கூறும் மறுமொழி என்க.

இரண்டாவது மறுப்பு, பாட்டின் மொழி கொச்சை என்பது. தமிழ் பயிலும் எம்மைப் பார்த்தே இதனை மிகுதியும் கேட்கின்றனர். துறைமுக நகரின் பேச்சிற் பல கரையின் சொற்கள் ஒதுங்கும். பேஜாரும் நாஷ்டாவும் இந்துஸ்தானி வழி வந்தவை. எல்லாரும் இழித்துரைக்கும் கஸ்மாலம் என்னும் சொல்லோ கீதையிற் கண்ணபிரான் அருச்சுனனை இடித்துரைக்குமிடத்து ஆளப்பெற்ற வடசொல். தேர்த்தட்டினின்று இறங்கிச் சென்னைத் தெருவில் நடந்து வருகின்றது. உயர்ந்தது தாழ்தலும் தாழ்ந்தது உயர்தலும் இப்பேச்சின் இயல்பு. புறம்போக்கு என்னும் சொல்லைப் பற்றியே எழுந்த பாட்டு வேறு எம்மொழியில் எழுதல் இயலும்? பதவுரை எழுதித் திருத்தத்தக்க பிழை அன்று அது.

மூன்றாவதாக, விருந்தினர்முன் ஊரின் புண்ணைத் திறந்து காட்டலாமோ என்பர் பெரியோர் சிலர். ஊரின் அழகைப் பாடுவதன்றோ மரபு என்பது அவர் கருத்து. மதுரைக்காஞ்சியை முன்னரே கூறினோம். நம் கல்லூரி ஆலயத்தில் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்கும் வேதத்திலும் இதற்கு மறுமொழி உண்டு. எருசலேம் நகரைக் குறித்துப் புலம்பல் என்னும் பெயராலேயே ஒரு நூல் நிலைபெற்றது. நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதத்திலோ, சிறைப்படுத்தியவர் தமக்குக் களிப்பூட்டச் சீயோனின் பாட்டொன்று பாடுக என்று கேட்கின்றனர்; கேட்கப்பட்டவர் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு அமர்ந்திருக்கின்றனர். வேற்றூரார் களிக்கும்பொருட்டு ஊர்ப்பாட்டு பாடுவதில் உள்ள இழிவை இதனினும் நன்கு யாவர் உரைத்தார்? அவ்வாறு பாட மறுத்ததே பின்னர் ஒரு பாட்டாயிற்று என்பதையும் காண்க. இதனால் மகிழ்ச்சிப் பாட்டுக்களை யாம் வெறுத்தோம் என்று கொள்ளற்க. கல்லூரி நாளன்று 1994-ஆம் ஆண்டுப் பாட்டுக்கு ஆடுவோருள் யாமும் முன்னிற்போம். ஆடுவதற்கு ஒரு பாட்டும், ஊர் இது என்று சொல்வதற்கு ஒரு பாட்டும் வேறாக இருத்தலில் தவறில்லை.

இன்னும் ஒன்று கூற எஞ்சியுள்ளது. இப்பாட்டை நம் முத்தமிழ் மன்றத்திற் பாடலாம் என்று முன்மொழிந்தபோது இசைவு தெரிவித்தோர் பலர். ஆயின் அவருட் சிலர், விருந்தினரும் பழைய மாணவரும் வந்திருக்கும் அவையாகலின் தலைப்பையும் அச்சொல் வருமிடங்களையும் மாற்றி, பொதுநிலம் என்று இட்டுப் பாடலாம் என்றனர். பொதுநிலம் என்பது நல்ல தமிழ், பிழையற்றது, ஒருவரையும் புண்படுத்தாதது. அங்ஙனம் பாடின் அவையில் ஒருவரும் முகஞ்சுளியார். எண்ணூரில் ஆற்றின் கரையில் நிற்கும் ஒருவரைப் பொதுநிலமே என்று இதுகாறும் ஒருவரும் ஏசியதில்லை. ஆகலின் மன்றத்திற் பாடுவதாயின் எழுதியவர் எழுதிய சொல்லையே, அவர் எழுதிய ஒலியிலேயே பாடுதல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். அச்சொல்லை மேடையிற் சொல்லக் கூசுவோம் எனின், இவ்வாண்டு அப்பாட்டு வேண்டா, வேறொன்று பாடுவோம்.